காலிப் பெட்டிக் கணக்கு

பாம்பன் ஐஸ் கம்பெனியில் ஆறு வருஷம்
பெட்டி எண்ணினேன்.
மீனை எண்ண வேறு ஆள். எனக்கு
நீலப் பிளாஸ்டிக், பக்கவாட்டில் சூடு போட்ட பெயர்.
மதுரைக்கு நாற்பது போனால்
நாற்பது வரணும்.
முப்பத்தேழு வந்தால்
நம்புராஜன் மூன்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பார்.

இப்போது மண்டபத்தில், ஆய்வுக்கூடத்தில்
கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன்,
கடல்நீரை வடிகட்டுகிறேன்.
சேசுராசு முங்கி எடுத்து வரும் கடல் முள்ளெலிகளை
முள் குத்தாமல் வாளி மாற்றுகிறேன்.
கீழக்கரை ஜெசிமா மேடம்
ஒருநாள், "பிரிஸ்கா, வந்து பாரு" என்றார்.

ஒரு முட்டை.
பொடிமணல் ஒன்றின் பருமன்.
விந்து தொட்ட இடத்தில் வெளிச்சம் கிளம்பி
எதிர்க்கரை போய்ச் சேர
இருபது, இருபத்தைந்து விநாடி.
"கால்சியம்" என்றார்.
வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் இருக்கிறதே, அதுவா?
அதேதான்.

கடலில் அது கொட்டிக் கிடக்கிறது.
முட்டைக்குள் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்கு.
ஓட்டை வத்தையில் தண்ணீர் இறைப்பதுபோல்
ராப்பகலாய் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறது செல்.
அவ்வளவு வறட்சியாய் வைத்திருந்தால்தான்
கொஞ்சம் கசிந்ததும்
எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடல்தான் உள்ளே புகுந்ததென்று நினைத்தேன்.
இல்லையாம், அந்த அலைக்கு
உள்ளேயே கிடங்கு இருக்கிறது.

அதை உணரும் புரதங்கள் பலவிதம்.
ஒரு வகையின் மடிப்புக்குக் 'கை' என்றே பெயர்.
விரித்தபடி சும்மா நிற்கும்.
கால்சியம் வந்து உட்கார்ந்ததும் வடிவம் மாறும்.
இன்னொரு வகை சவ்வுக்குள் நுனியைக் குத்தி இழுக்கும்.
இழுத்த இழுப்பில்
ஓரத்தில் அடுக்கிக் காத்திருந்த ஆயிரமாயிரம் பைகள்
சவ்வோடு சவ்வு சேர்ந்து
சரக்கை வெளியே கொட்டுகின்றன.
முட்டையைச் சுற்றி வேலி எழும்புகிறது.
இனி அடுத்தவன் வர முடியாது.

மேடம் முகமெல்லாம் சிரிப்பு.
எனக்கோ வேறு கவலை:
"பை திரும்பி வருமா மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நாலு வருஷமாய் அவர் எழுதுவதே அதைத்தானாம்.

அத்தனை பையின் தோலும் வெளிச்சுவரில் சேர்ந்தால்
முட்டைக்குச் சட்டை தொளதொளத்துவிடும்.
ஆகவே கிள்ளிக் கிள்ளி உள்ளே எடுக்கிறது.
போ என்று சொன்ன அதே வாய்தான்
வா என்றும் சொல்கிறது,
கேட்கிற காது வேறு.
வந்ததெல்லாம் மறுபடி ஓடுவதுமில்லை.
நைந்ததைப் பிரித்து
காயலான் கடைக்குப் போடுகிறது செல்.

மறுவாரம், பைகள் வெடித்து முடிந்த நொடியில்
கால்சியத்தைக் கவ்வும் மருந்தொன்றை விட்டார்.
போனது போனபடி நின்றது.
முட்டையின் மேல்தோல்
காயப்போட்டு எடுக்க மறந்த வலையாய்
மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது.
நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

கம்பெனியை விட்டு வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியால்.
மழைக்கு லாரி நின்ற வாரம்.
ஐஸ் இருந்தது, மீன் இருந்தது,
போட ஒன்றுமில்லை.
நண்டு தரையில் ஊர்ந்து வாசல் வரை போனது.
கையெழுத்து என்னுடையது,
ஆகவே திருடியும் நானே.
பிறகு யாரோ பரமக்குடியில் பார்த்தார்களாம்,
நம் பெயர் போட்ட பெட்டியில் கத்தரி நாற்று.
யாரும் எனக்குப் போன் போடவில்லை.

நேற்று ராத்திரி பாம்பனில் பஸ் நின்றபோது
காலி லாரி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
என்னையறியாமல் உதடு அசைந்தது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.
இன்னொன்று.
சிவப்பு. பெயர் தேய்ந்தது.
எவன் கம்பெனியோ.
நம்புராஜன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு
நீலத்தின்மேல் அடுக்கினார்.